ஒத்தை சீட்டு வண்டி

பிப்ரவரி 8

நீயே சொல்லு கண்ணு, இதுல என் தப்பு என்ன இருக்கு? "வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி ஓட விடுங்க அத்தை, நிக்கிற வண்டி கெட்டுப்போயிடும்"னு சொல்லிட்டு நீ பாட்டுக்கு ஏரோப்ளேன் ஏறிட்டே. நானும் ஞாயித்துக்கிழமை குளிச்சு, சாமி கும்பிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு அந்தக் கிக்கரை ஒரு மிதி மிதிச்சேன். வண்டி கம்முன்னு இருந்துச்சு. செருப்புதான் கிளம்பிப் போய்ப் பக்கத்து வீட்டு மொட்டைமாடியில விழுந்துச்சு. அந்த வீட்டுத் தையல்காரம்மா அதைக் கொண்டுவந்து குடுத்துட்டு, "உங்க வீட்ல ஏதாவது சண்டையா"ன்னு கேட்டுட்டுப் போறா. நானும் உங்க மாமாவும் சண்டை போட்டா செருப்பு எதுக்கு அந்தப் பக்கமாப் போகுது?

"கடிதம்னா முதல்ல நலமான்னு கேக்கணும்"னு மாமா பேப்பருக்குப் பின்னாலேருந்து சொல்றார். சரி. நல்லா இருக்கியா? வேளாவேளைக்குச் சாப்பிடறியா? அங்க பனி கொட்டுதாமே, தலையில ஏதாவது கட்டிக்கிட்டு வெளியில போ. போன்ல பேசலாம்தான். நான் வாயைத் திறந்ததும் நீ "ம்... ம்..."னுட்டுத் தூங்கிடறே. காகிதம்னா நீ தூங்கினாலும் அது முழிச்சுக்கிட்டு இருக்கும்.

உன் பைக் கூட்டத்துக் கூட்டாளிங்க விஷயத்துக்கு வர்றேன். நீ சொல்லி வச்ச மாதிரியே அன்னைக்குக் காலையில ரெண்டு பேர் வந்து நின்னாங்க. ஒருத்தன், நீங்க சைலன்சர்னு கூப்பிடறவன். அவன் வண்டி தெருமுனையில திரும்பும்போதே நம்ம வீட்டு டம்ளரெல்லாம் ஆடுது. வண்டியை அணைச்சாலும் சத்தம் நிக்கல, அதுக்கப்புறம் அவன் பேச ஆரம்பிச்சுட்டான். இன்னொருத்தி கணக்கு டீச்சர். ஹெல்மெட்டைக் கழட்டற வரைக்கும் ஆம்பளைன்னு நினைச்சு மாமாவைக் கூப்பிட்டு வச்சுப் பேசச் சொல்லிட்டேன். ரெண்டு பேரும் கொட்டகையில உன் வண்டியைச் சுத்திச் சுத்தி வந்தாங்க. டயரை அமுக்கிப் பார்த்து, பேட்டரியைத் தொட்டுப் பார்த்து, செயினைத் தூக்கிப் பார்த்து, காய்ச்சல்ல கிடக்கிற பிள்ளையைப் பாக்க வந்தவங்க மாதிரி உச்சு கொட்டினாங்க. "சோக்கை இழுத்துட்டு மிதிக்கணும் அத்தை"ன்னான் சைலன்சர். அதை முதல்லயே யாராவது சொல்லியிருந்தா என் செருப்புக்கு இந்த அலைச்சல் இல்ல.

ஒண்ணு கேக்கணும். நீ இந்த வண்டியை வெட்டி ஒட்டி என்னென்னமோ பண்ணினப்பல்லாம் நான் வாயே திறக்கல. மாமா சிரிக்கிறார். சிரிக்கட்டும். ஹேண்டிலைத் தாழ்த்தினே, சரி. பின்னால இருந்த மட்கார்டை அறுத்தே, அதுவும் சரி. ரெண்டு பேர் உக்கார்ற நல்ல சீட்டைத் தூக்கிப் போட்டுட்டு ஒத்தை சீட்டு எதுக்கு வச்சே? எங்க அண்ணன் வீட்லேருந்து காலேஜ் படிக்க வந்த நாள்லேருந்து, வேலைக்குப் போய், போன மாசம் வரைக்கும் என் வீட்டு மாடி ரூம்லதான் இருந்தே. ஒரு நாளாவது அத்தையைப் பின்னால உக்கார வச்சுக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனியா? எங்க உக்கார்றது, டயர் மேலயா?

வண்டியைப் பத்திக் கவலைப்படாத. தினமும் துடைக்கிறேன். ரெண்டு சக்கரத்துலயும் வட்டமா ஒரு தட்டு இருக்கே, அது லேசாத் துருப்பிடிச்சிருந்துச்சு. அதையும் கவனிச்சுட்டேன். இப்ப அதுல முகம் பார்த்துத் தலை வாரலாம்.

பதில் போடு. நாலு வரியாவது போடு.

உன் அத்தை


மார்ச் 1

அன்புள்ள அத்தைக்கு,

நலம். பனி முழங்கால் வரை இருக்கிறது. தலையில் கட்டிக்கொண்டுதான் போகிறேன், ஆனால் நீங்கள் கொடுத்த துண்டை அல்ல. அதைப் பார்த்தால் பேருந்தில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள்.

வேலை பிடித்திருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் எங்கள் கண்ணாடிப் பட்டறை. நாள் முழுக்க லென்ஸ் தேய்க்கிறேன். உள்ளே போகிற வாசலில் ஓர் உலோகச் சோதனை மெஷின் இருக்கிறது. என் சிவப்புப் பையைக் கண்டால் மட்டும் அதற்கு ஆகாது, தினமும் கத்துகிறது. காவலாளி பையைத் துழாவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை, போ என்பார். இப்போதெல்லாம் மெஷின் கத்தினால்தான் நான் வந்துவிட்டேன் என்று அவருக்குத் தெரியுமாம்.

அத்தை, ஒரு செய்தி. என்னை இங்கே நிரந்தரமாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். தனியாக ஒரு வீடும் பார்த்துவிட்டேன். சின்ன வீடுதான், ஜன்னல் பெரிசு.

அதனால் வண்டியை விற்றுவிடலாம் என்று நினைக்கிறேன். வாரம் ஒரு தடவை கொட்டகையிலேயே உறுமிவிட்டு அடங்குவது வண்டிக்கு நல்லதல்ல. ஓடினால்தான் அது வண்டி. சைலன்சரிடம் சொல்லியிருக்கிறேன், ஆள் பார்த்துக் கூட்டி வருவான். வருகிறவர்களுக்கு வண்டியைக் காட்டினால் போதும், வேறு எதுவும் நீங்கள் செய்ய வேண்டாம்.

மாமாவுக்கு என் அன்பு.

உங்கள் மருமகள்


மார்ச் 19

என் தங்கத்துக்கு,

நீ எழுதறது பரீட்சைக்கு எழுதற மாதிரியே இருக்கு. இருந்தாலும் எழுத்து அழகு.

நிரந்தரம்னு படிச்சேன். சந்தோஷம். சாமிகிட்டயும் சொல்லிட்டேன். ஜன்னல் பெரிசுன்னு எழுதியிருக்கே, குளிர் உள்ள வராதா? நம்ம மாடி ரூம் ஜன்னல் சின்னதுதான். சின்னதா இருந்தாலும் காத்து வரும். அதை எதுக்குச் சொல்றேன்னு தெரியல, சும்மா சொன்னேன்.

வண்டியை விக்கலாம். ஏன் விக்கக் கூடாது? வண்டிதானே. நல்ல ஆளா அனுப்பு சாமின்னு வேண்டிக்கிட்டேன். சீக்கிரமா அனுப்புன்னு வேண்டிக்கல, அதெல்லாம் அவசரப்படுத்தக் கூடாது.

உங்க கூட்டத்துல ஒரு வழக்கம் இருக்காமே, நீ சொன்னதே இல்லை. கூட்டத்துல ஒருத்தர் வண்டியை வித்தா, வாங்க வர்றவங்க எல்லாரும் பாக்க உக்காந்து அந்த வண்டியோட செயினைச் சுத்தம் பண்ணிக் காட்டணுமாம். கையில அழுக்கு ஒட்டக் கூடாதுன்னு நினைக்கிறவனுக்கு வண்டி கிடையாதாம். சைலன்சர் கோர்ட்டுல தீர்ப்பு சொல்ற மாதிரி சொன்னான். எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. கல்யாணம் பேசறவங்களுக்கும் இப்படி ஒண்ணு வச்சா எவ்வளவோ வீட்ல நிம்மதியா இருக்கும்.

முதல்ல வந்தது ஒரு பல் டாக்டர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. இவன் எங்க அழுக்குல கை வைக்கப் போறான்னு நான் நிம்மதியா நாற்காலியைப் போட்டு உக்காந்தேன். அவர் பையிலேருந்து கையுறையை எடுத்து மாட்டினார், ஒரு பல் விளக்கற பிரஷை எடுத்தார், மண்ணெண்ணெயில தொட்டுத் தொட்டுச் செயினோட ஒவ்வொரு கண்ணியா, உள்பக்கம், வெளிப்பக்கம், இடுக்குன்னு தேய்ச்சார் பாரு. வாயைக் கொப்புளிக்கச் சொல்லாததுதான் பாக்கி. டீச்சர் குனிஞ்சு பார்த்துட்டு, "நூத்துக்கு நூறு"ன்னுட்டா. அவ அவ்வளவு சீக்கிரம் மார்க் போடறவ இல்லையாம்.

நான் நாற்காலியை விட்டு எழுந்துட்டேன். வெயில் அடிச்சுது, அதான்.

அப்புறம் ஓட்டிப் பாக்கறேன்னு கிளம்பினார். சந்து வரைக்கும் நல்லாத்தான் போனார். திரும்பி வரும்போது நம்ம வாசல்ல நிறுத்தணும். நிறுத்தல. சிரிச்ச முகமா எங்களைத் தாண்டிப் போறார். "நல்ல மனுஷன், எவ்வளவு ஆசையா ஓட்டறார்"னு நான் சொல்லிட்டிருக்கும்போதே, தையல்காரம்மா கொடியில காயப்போட்டிருந்த படுக்கை விரிப்புக்குள்ள புகுந்துட்டார். விரிப்போட அந்தப் பக்கம் இருந்த மணல் குவியல்ல வண்டி சாஞ்சுது. ஒரு கீறல் இல்லை, அவருக்கும் இல்லை, வண்டிக்கும் இல்லை. சாமி புண்ணியம். ஆனா ஆள் எழுந்திரிச்சப்ப பூப்போட்ட விரிப்பைப் போத்திக்கிட்டு, "பிரேக் இல்ல, பிரேக் இல்ல"ன்னு ஜபம் மாதிரி சொல்லிட்டே நின்னார். அப்படியே போயிட்டார். பிரஷை இங்கயே விட்டுட்டுப் போயிட்டார்.

சைலன்சர் அந்த வட்டத் தட்டை விரலால தடவி மோந்து பார்த்தான். "அத்தை, இது தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் வாசனை"ன்னான். ஆமா, பின்ன துரு எப்படிப் போகும்? தினமும் ஒரு சொட்டு விட்டுத் துணியால தேய்ச்சேன். மின்னுச்சா இல்லையா? அதுக்கு அவன் தரையில உக்காந்து தலையில கை வச்சுக்கிட்டான். முதல் தடவையா அவன் பேசாம இருந்து பார்த்தேன்.

உன் அத்தை


ஏப்ரல் 4

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் பேருந்தில் படித்திருக்கக் கூடாது. சிரிப்பை அடக்கப் போய் இருமல் வந்து, பக்கத்தில் இருந்தவர் இடம் மாறிக்கொண்டார்.

அந்த வட்டத் தட்டுதான் பிரேக். இரண்டு பக்கமும் கட்டைகள் அதைக் கவ்விப் பிடித்தால்தான் வண்டி நிற்கும். அதில் எண்ணெய் விட்டால் சோப்பைப் பிடிக்கிற மாதிரி. வண்டியில் எல்லா இடத்துக்கும் எண்ணெய் விடலாம், அங்கே மட்டும் விடக் கூடாது. டீச்சர் கட்டைகளை மாற்றித் தருவாள். லேசான துரு இருந்தால் இருக்கட்டும், பிரேக் பிடித்தால் அதுவே போய்விடும்.

இன்னொன்று. டேங்குக்குக் கீழே இடது பக்கம் ஒரு சின்னக் குழாய்த் திருகு இருக்கும். வண்டி நிற்கும்போது அதை மூடி வையுங்கள், இல்லாவிட்டால் பெட்ரோல் கசியும். ஓட்டும்போது திறக்க வேண்டும். மறந்து மூடியபடி கிளப்பினால் கொஞ்ச தூரம் போய்விட்டு நின்றுவிடும், உள்ளே மிச்சம் இருக்கிற பெட்ரோல் தீரும் வரைக்கும்தான் ஓடும். யாராவது ஓட்டிப் பார்க்க வந்தால் திறந்து கொடுங்கள்.

பல் டாக்டரிடம் என் சார்பில் மன்னிப்புக் கேளுங்கள்.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 27

என் தங்கத்துக்கு,

மன்னிப்புக் கேக்கலாம்னு அவர் ஆஸ்பத்திரிக்கே போனேன். வந்தது வந்தீங்க, ஒரு பல்லையும் பார்த்துடலாம்னார். பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கணக்குத் தீந்துச்சுன்னு வச்சுக்க.

குழாயைக் கண்டுபிடிச்சுட்டேன். நீ சொன்ன இடத்துலயே இருக்கு. ஆன், ஆஃப், ரிசர்வுன்னு மூணு பக்கம் திரும்புது. ரிசர்வுன்னா என்னன்னு டீச்சர் சொன்னா. பெட்ரோல் தீந்துபோற நேரத்துக்குன்னு கொஞ்சம் ஒதுக்கி வச்சிருக்குமாம். நல்ல ஏற்பாடு. மனுஷனுக்கும் இப்படி ஒண்ணு வச்சிருக்கலாம். டீச்சர் இப்ப புதன்கிழமையும் வர்றா, பள்ளிக்கூடம் விட்டு நேரா. பிரேக் கட்டை மாத்தறதை நான் பக்கத்துல உக்காந்து பார்த்தேன். ரெண்டாவது கட்டையை என்னையே மாட்டச் சொன்னா. மாட்டிட்டேன். டாலர் செயின் கொக்கி மாட்டறதை விட லேசு.

நீ ஆவலா இருப்பே, வாங்க வந்தவங்களைப் பத்திச் சொல்றேன்.

ரெண்டாவதா வந்தது ஒரு போட்டோக்காரர். செயின் தேய்ச்சாரு, சுமார்தான், டீச்சர் ஐம்பத்திரண்டு போட்டா. "ரெண்டாவது சாவி எங்க"ன்னு கேட்டாரு. எனக்கு நீ குடுத்த ஒரு சாவிதான் தெரியும். வீடு முழுக்கத் தேடினேன், அரிசி டப்பா வரைக்கும் பார்த்தேன், இல்லை. சரின்னு ஒத்தைச் சாவியோட ஓட்டிப் பாக்கக் கிளம்பினாரு. தெருமுனை வரைக்கும் ஜம்முன்னு போச்சு. அங்க போயி நின்னுருச்சு. மிதி மிதின்னு மிதிக்கிறாரு, ஊஹும். வேர்த்து விறுவிறுத்துத் தள்ளிக்கிட்டே வந்து, "இந்த வண்டிக்கு உள்ளுக்குள்ள என்னமோ வியாதி"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அப்புறம் பார்த்தா அந்தக் குழாய் மூடியிருந்துச்சாம். யார் மூடினாங்களோ. கொட்டகைக்கு யார் யாரோ வர்றாங்க போறாங்க.

மூணாவது, புதுசாக் கல்யாணம் ஆன ஜோடி. பையனுக்கு வண்டி மேல ஒரே மயக்கம். நான் ஒண்ணுமே சொல்லல. "உக்காந்து பாரும்மா"ன்னு அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் சொன்னேன். அவ சுத்திச் சுத்திப் பார்த்துட்டு, "நான் எங்க உக்கார்றது"ன்னா. "அதைத்தான் நானும் கேட்டுட்டே இருக்கேன்"னேன். அவ திரும்பி அவனைப் பார்த்தா. அந்தப் பார்வைக்கு அப்புறம் செயின் வரைக்கும் போகவே வேண்டியதில்லை.

ஆக, இன்னும் யாரும் அமையல. சாமி மனசுல என்ன இருக்கோ. நீ கவலைப்படாத, அவசரமே இல்லை.

சிவப்புப் பை கிழிஞ்சுடலையே? அது நல்ல பை.

உன் அத்தை


மே 10

அன்புள்ள அத்தைக்கு,

கொட்டகைக்கு யார் யாரோ வருவதில்லை. சைலன்சர் வருகிறான், டீச்சர் வருகிறாள், நீங்கள் இருக்கிறீர்கள். அந்தக் குழாயைப் பற்றி உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது நான். என் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கோபமில்லை. கொஞ்சம் கோபம்தான்.

வண்டி அங்கே இருந்தால் நான் திரும்பி வந்துவிடுவேன் என்று நினைக்கிறீர்கள். வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன் அத்தை. பார்க்க வருவேன், லீவு கிடைக்கும்போதெல்லாம் வருவேன். இருக்க வரமாட்டேன். இங்கேதான் இருக்கப் போகிறேன்.

போன மாதம் என் தெருவில் ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு தபால்காரர் தன் பழைய வண்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நின்று பார்த்தேன். ஒரு ஸ்பேனரை நீட்டினார். எனக்கு அவர் பாஷை பாதிதான் புரிகிறது, அவருக்கு என்னுடையது அதுவும் இல்லை. மாலை வரை சேர்ந்து வேலை பார்த்தோம். கையில் கிரீஸ் பட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பயந்துபோய் மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மா சூப் கொண்டுவந்து வைத்தார். அன்றைக்குத்தான் இந்த ஊரில் முதல் தடவையாக, சரி, இங்கே இருந்துவிடலாம் என்று தோன்றியது.

அதற்கப்புறம்தான் என் வண்டி அங்கே சும்மா நிற்பது இன்னும் உறுத்துகிறது. ஓட வேண்டியது நிற்கிறது, நான் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

நான் விற்கச் சொன்னது வண்டியைத்தான் அத்தை. உங்களை இல்லை, மாடி ரூமை இல்லை.

உங்கள் மருமகள்


மே 28

சரி. வித்துடறேன்.

மாமா நலம். நான் நலம். வண்டி நலம்.

அத்தை


ஜூன் 12

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தின் மற்ற பக்கங்கள் தபாலில் தொலைந்துவிட்டன போல. உறைக்குள் மூன்று வரிதான் இருந்தது. உறையைக் கிழித்து உள்பக்கமும் பார்த்துவிட்டேன்.

தபால்காரரிடம் கேட்டேன். அவர் அப்படியெல்லாம் பக்கங்கள் தொலையாது என்கிறார். மனைவி இப்படி எழுதினால் அவர் உடனே பூ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவாராம். எனக்குத் தூரம் அதிகம்.

பேசுங்கள் அத்தை. திட்டியாவது எழுதுங்கள். செருப்பு இந்தப் பக்கம் வந்து விழுந்தாலும் பரவாயில்லை.

உங்கள் மருமகள்


ஜூலை 2

அன்புள்ள அத்தைக்கு,

போன் செய்தேன். மாமா எடுத்து, "அவ ஸ்கூல் கிரவுண்டுக்குப் போயிருக்கா" என்றார். எதற்கு என்றால், "நான் சொல்லக் கூடாதுன்னு உத்தரவு" என்கிறார். பின்னால் டம்ளர் ஆடுகிற சத்தம் கேட்டது.

என்ன நடக்கிறது அங்கே?

உங்கள் மருமகள்


ஆகஸ்ட் 3

என் தங்கத்துக்கு அத்தை மனசு நிறைஞ்சு எழுதறது,

வண்டி வித்தாச்சு. நல்ல இடம். நீ கவலையே படாத.

வாங்கினவங்களுக்கு வயசு கொஞ்சம் அதிகம், ஐம்பதைத் தாண்டியாச்சு. படிப்பு கிராமத்துப் பள்ளிக்கூடத்தோட சரி. பக்தி உண்டு, வாய் கொஞ்சம் நீளம்னு ஊர்ல சொல்றாங்க, ஊர் ஆயிரம் சொல்லும். வீட்டுக்காரர் பேப்பர் படிக்கிறவர். இன்னும் உனக்கு யாருன்னு புரியலேன்னா நீ லென்ஸ் தேய்க்கிறதுக்கு லாயக்கில்ல.

உன் மே மாசத்துக் கடிதத்தைப் படிச்சுட்டு ரெண்டு நாள் எனக்கு யார்கிட்டயும் பேசப் பிடிக்கல. மாமா பயந்துபோய் பேப்பரை மடிச்சு வச்சுட்டு, "ஏதாவது பேசேன், வீடு வீடு மாதிரி இல்ல"ன்னார். போய்க் கொட்டகையில உக்காந்தேன். அந்த வண்டியையே பார்த்துட்டு இருந்தேன். ஓட வேண்டியது நிக்கிறதுன்னு எழுதியிருந்தியே. இத்தனை நாளா அதைத் துடைச்சுத் துடைச்சு, கட்டிப்போட்டு வச்சிருந்தது நான்தானேன்னு தோணுச்சு. சரி, வித்துடுவோம்னு எழுந்தேன். ஆனா அந்தக் குழாயை மூடித் திறந்து, கட்டை மாட்டி, செயின் தளர்ந்திருக்கான்னு விரலால தூக்கிப் பார்த்துப் பழகிட்டேனா, இன்னொருத்தன் வந்து கொண்டுபோகக் குடுக்க மனசு வரல. உனக்காக இல்ல, இந்தத் தடவை எனக்காகவே.

புதன்கிழமை டீச்சர்கிட்ட, "ஐம்பது வயசுக்கு மேல ஓட்டக் கத்துக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா"ன்னு சும்மா கேட்டேன். அவ ஹெல்மெட்டை எடுத்து என் தலையில கவுத்துட்டா.

பள்ளிக்கூடம் விட்டப்புறம் டீச்சரோட ஸ்கூல் கிரவுண்டுல கத்துக்கிட்டேன். முதல் நாள் ஆக்சிலேட்டரைத் திருகினதும் வண்டி கிளம்பிடுச்சு, நான் கிளம்பல. உக்காந்த மாதிரியே மண்ணுல இருந்தேன். டீச்சர் வந்து, "இது ஒண்ணும் தப்பில்ல, எல்லாரும் இங்கேருந்துதான் ஆரம்பிக்கிறோம்"னா. அப்புறம் கோல்போஸ்ட்டை இடிச்சேன். அப்புறம் இடிக்கல. கியர் மாத்தும்போதெல்லாம் ஒரு சாமி பேர் சொல்லுவேன், நாலு கியருக்கு நாலு சாமி. இறக்கும்போது அதே வரிசையைத் தலைகீழாச் சொல்லணும், அதுலதான் குழப்பம் வரும். ஆபீசர் முன்னால எட்டு போட்டுக் காட்டச் சொன்னாங்க. போட்டேன். "அம்மா, வாயில என்ன முணுமுணுக்கிறீங்க"ன்னு கேட்டாரு. "உங்களுக்கும் சேத்துத்தான் சார்"னேன். லைசென்ஸ் குடுத்துட்டாரு.

சலுகை கிடையாதுன்னு சைலன்சர் கறாராச் சொல்லிட்டான். கூட்டம் மொத்தமும் வந்து கொட்டகை வாசல்ல நின்னுச்சு, நான் செயின் தேய்ச்சுக் காட்டினேன். பல் டாக்டர் விட்டுட்டுப் போன பிரஷாலதான் தேய்ச்சேன். அவரையும் கூப்பிட்டிருந்தோம், பின்னால நின்னு, "இடுக்கு, இடுக்கு"ன்னு சொல்லிட்டே இருந்தாரு. டீச்சர் தொண்ணூத்தி ஒண்ணு போட்டா. மிச்சம் ஒம்பது எங்கன்னு கேட்டேன். பேசிக்கிட்டே தேய்ச்சதுக்குக் கழிச்சுட்டாளாம்.

வண்டியில கொஞ்சம் மாத்தியிருக்கேன். நீ கோவிச்சுக்கக் கூடாது. ஹேண்டிலை உசத்திட்டோம், நான் சாமி கும்பிடற மாதிரி குனிஞ்சுட்டே ஓட்ட முடியாது. சேலை சக்கரத்துல சிக்காம இருக்கக் கம்பி வச்சுட்டோம். பின்னால ஒரு பெட்டி. அப்புறம் அந்த ஒத்தை சீட்டைக் கழட்டிட்டு ரெண்டு பேர் உக்கார்ற சீட்டு போட்டாச்சு. கழட்டினதைத் துணியில சுத்தி மாடி ரூம்ல வச்சிருக்கேன், நல்ல பொருள். பின்சீட்டுக்குக் கால் வைக்கிற கம்பியும் மாட்டியாச்சு, கடைசி நட்டை நானே முறுக்கினேன். மாமா தான் முதல்ல உக்காந்தார். கோயில் வரைக்கும் கண்ணைத் திறக்கவே இல்ல. இறங்கினதும், "உனக்கு இவ்வளவு பக்தி ஏன்னு இப்பத்தான் புரியுது"ன்னார்.

திரும்பி வரும்போது நல்ல காத்து. சமமான ரோடு. நாலாவது கியர்ல போட்டதும் சத்தமெல்லாம் அடங்கி ஒரு மாதிரி சீராப் போச்சு. நான் பேசவே இல்ல. மாமா தோளைத் தட்டி, உடம்பு சரியில்லையான்னு கேட்டார். அப்பத்தான் நினைச்சேன், இந்தப் பிள்ளை தினம் சாயங்காலம் இதுக்குத்தான் கிளம்பிப் போனாளா, நான் வாசல்ல நின்னு எப்ப வருவே எப்ப வருவேன்னு கேட்டுட்டே இருந்தேனே.

இத்தனை நாளா சாமிகிட்ட உன்னைத் திரும்பக் கூட்டிட்டு வான்னு கேட்டுட்டு இருந்தேன். இப்ப அதை நிறுத்திட்டேன். அந்தப் பிள்ளை எங்க இருந்தாலும் நல்லா வச்சிரு, பிரேக் பிடிக்கட்டும், அவ்வளவுதான் கேக்கறேன். அவருக்கும் வேலை மிச்சம்.

அந்தத் தபால்காரர் வீட்டம்மாகிட்ட, உனக்கு சூப் குடுத்ததுக்கு ஒரு அத்தை கும்பிடு போட்டான்னு சொல்லு. அவங்க பாஷையில எப்படிச் சொல்றதோ, கையைக் கூப்பிக் காட்டு, புரியும்.

பேர் மாத்தறதுக்கு நீ ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பணுமாம். வித்தவங்க ரெண்டு சாவியும் குடுக்கணும், அதுதான் முறைன்னு சைலன்சர் இன்னும் முனகிக்கிட்டே இருக்கான். ஒண்ணு தொலைஞ்சுபோச்சுடா, விடுடான்னு சொல்லிட்டேன்.

உடம்பைப் பாத்துக்க. பெரிய ஜன்னலுக்கு ஒரு திரை போடு.

உன் அத்தை
(வண்டிக்காரி)

ஐயோ கண்ணு, ஒட்டறதுக்குன்னு பசையைத் தடவும்போது இப்பத்தான் ஞாபகம் வருது. அந்த ரெண்டாவது சாவி தொலையல. நீ கிளம்பின அன்னைக்குக் காலையில, சாமி படத்துக்கு முன்னால வச்சு எடுத்து, ஒரு துணியில முடிஞ்சு, உன் சிவப்புப் பையோட அடியில இருக்கிற உள் ஜிப்புல நான்தான் போட்டு மூடினேன்.